ஒன்பதாம் அறையைப் பற்றிய அறிக்கை

சியாட்டில்
ஜூன் 10, 1998

இல்லை அக்கா, தரையைத் துடைக்கச் சொல்லவில்லை. காபியும் போடச் சொல்லவில்லை. ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். இழுப்பறைக்குச் சாவி இருக்கிறது. பூட்டி வைக்க என்னிடம் எதுவும் இல்லை. பூட்டிப் பூட்டித் திறக்கிறேன்.

நலம் கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன். அப்பாவின் தோள்பட்டை எப்படி இருக்கிறது? உன் பல் வலி? நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

அப்பாவிடம் சரியாகச் சொல். கோடைப் பயிற்சி என்றால் என்ன என்று சிப்ரியானோ மாமா கேட்டால் அவர் திணறக் கூடாது. நம்மைப் போல அறுவடையைத் தேடி ஊர் ஊராகப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் ஆறு பேரைக் கல்லூரி தேர்ந்தெடுத்து, பத்து வாரத்துக்கு ஆறு அலுவலகங்களுக்கு அனுப்பியிருக்கிறது. ஒருவன் மருந்து ஆய்வுக்கூடத்தில். ஒருத்தி நீதிமன்றத்தில். எனக்குக் கிடைத்தது வால்நட் தெருக் குடியிருப்பு மையம். தோட்டத் தொழிலாளர் தங்கும் முகாம்கள் எப்படி இருக்கின்றன என்று எழுதி, சட்டப்படி இல்லாதவற்றை அரசாங்கத்துக்குத் தெரிவிப்பது இவர்கள் வேலை.

என் மேலாளர் பெயர் ஜூடித். ஐம்பது வயது இருக்கும். முகாமில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை என்று அவரே சொன்னார். சொல்லும்போது வெட்கப்பட்டார். “உனக்குத் தெரிஞ்சது இங்க வேற யாருக்கும் தெரியாது” என்றார். இரண்டு நாளாக அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பூட்டி வைக்கலாம் போல இருக்கிறது.

பன்னிரண்டு வருடத்தில் நான் செர்ரி பறிக்காத முதல் ஜூன். விரல்கள் வெளுத்துக் கிடக்கின்றன.

எழுது. ஃபோன் சாவுச் செய்திக்குத்தான் என்று அப்பா சொல்வார், தெரியும்.

அப்பாவின் கைக்கு என் முத்தம்.
மிரேயா


கெட்டரிங் தோட்ட முகாம், ஒன்பதாம் அறை
ஜூன் 17

என் ஒல்லிக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் அங்கே அப்படி இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பல் வலி போய்விட்டது. பல்லும் போய்விட்டது.

உன் கடிதத்தை மூன்று தரம் படிக்க வைத்தார் அப்பா. மூன்றாவது தரம் சிப்ரியானோ மாமாவையும் அழைத்து உட்கார வைத்துக்கொண்டார். மாமா கேட்டார், “அவளுக்குப் பயிற்சின்னா, நாம இருபது வருஷமா பண்றது என்னவாம்?” அப்பா யோசித்தார். “நாம பண்றது வேலை. அவ பண்றது பயிற்சி. அவ தப்புப் பண்ணலாம், யாரும் மூட்டையத் தூக்கி வெளிய எறிய மாட்டாங்க. அதான் வித்தியாசம்” என்றார். அன்று முழுக்க அப்பா அந்த மிதப்பிலேயே இருந்தார். குழாயடியில் நிற்கிற பெண்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. மேசை, சாவி எல்லாம்.

முதலாளி கெட்டரிங் இந்த வருடமும் ஒன்பதாம் அறையை நமக்கே வைத்திருந்தார். போன அக்டோபரில் விட்டுப் போன ரொட்டிக்கல், இரண்டு மெத்தை, உன் புத்தகப் பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன. எலி உன் வேதியியலில் முதல் பாடம் வரை படித்திருக்கிறது. உன் கட்டில் பக்கச் சுவரில் எலி ஓட்டையை அடைத்திருந்த பழைய டின் மூடி துருப்பிடித்து விழுந்துவிட்டது. அப்பா கொழுப்பு டின்னின் புது மூடி ஒன்றை வெட்டி, தட்டி நேராக்கி, சுற்றிலும் ஆணி அடித்தார். “ஒல்லிதான் இந்த வருஷம் இல்லியே, எதுக்குப்பா?” என்றேன். “எலிக்கு அது தெரியாதே” என்றார்.

பத்தாம் அறை உபால்டினாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. சுவர் ஓட்டை வழியாக உப்பு கேட்டால் இப்போது குழந்தையின் காலை நீட்டிக் காட்டுகிறாள். குழாயில் அதே வரிசை, அதே சண்டை.

அப்பா சொல்லச் சொல்ல எழுதியது: “சாப்புடு. சட்டை மேல சட்டை போடு. சாவியத் தொலைச்சுடாத, நீ எப்பவும் தொலைப்ப. அவ்வளவுதான். தாள வீணாக்காத.”

உன் அக்கா,
ஒராலியா


சியாட்டில்
ஜூன் 22

அக்காவுக்கு,

போன பல்லுக்கு என் அனுதாபம். மற்றவை நிலைத்திருக்கட்டும். இங்கே நலத்துக்குக் குறைவில்லை, தூக்கத்துக்குத்தான்.

பயிற்சிக்காக என்னையும் இங்கே வந்திருக்கிற வேறு கல்லூரிப் பிள்ளைகளையும் ஒரு அறிக்கை எழுதச் சொன்னார்கள். தெரிந்த ஒரு முகாமைப் பற்றி மூன்று பக்கம். நான் பதினான்கு பக்கம் எழுதினேன். மற்றவர்கள் அளவு நாடாவோடு எங்கெங்கோ போனார்கள். நான் எங்கும் போகவில்லை. கண்ணை மூடினேன். குழாய் எத்தனை, அதில் எத்தனை குடும்பம், மின்கம்பி எங்கே தோல் உரிந்திருக்கிறது, எந்தச் சுவரில் எந்த உயரத்தில் ஓட்டை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

ஜூடித் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பத்து வருடத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை என்றார். இதைப் பயிற்சியாக வைத்துக்கொள்வதா, உண்மையான புகாராக அரசாங்கத்துக்கு அனுப்புவதா என்று என்னைக் கேட்டார். முடிவு என்னுடையது என்றார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அனுப்பலாம் என்றேன். யாருடைய பெயரும் அதில் இல்லை.

எந்த முகாம் என்று நீ கேட்கக் கூடாது. ஆனால் இந்த வருடமே உனக்கு இரண்டாவது குழாய் வரும். மூன்றாவதும் வரலாம். அப்பாவிடம் இப்போது சொல்லாதே. தண்ணீர் வந்த பிறகு சொல்.

உபால்டினாவின் குழந்தையின் காலுக்கு ஒரு முத்தம். அப்பாவின் கைக்கு ஒன்று.
மிரேயா


வெனாச்சி
ஜூலை 6

ஒல்லிக்கு,

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எங்களுக்கும் இல்லை. தாமதத்துக்குக் காரணம் செர்ரிதான். பழம் ஒரே நாளில் பழுத்துவிட்டது, உட்காரக்கூட நேரமில்லை.

இனிமேல் கடிதத்தை வெனாச்சி தபால் நிலையத்துக்கே எழுது. என் பெயரைப் போட்டு, கேட்டு வாங்கிக்கொள்ளும்படி. முகாம் தபால் பெட்டியில் ஏதோ கோளாறு. தாளைப் பார்த்துச் சிரிக்காதே. பழப் பெட்டிக்குள் விரிப்பது. கைக்கு இதுதான் கிடைத்தது.

காற்று நன்றாக வருகிறது. ஆற்றுச் சத்தத்தில் நல்ல தூக்கம்.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா சொன்னது: “எங்களப் பத்திக் கவலைப்படாத. நீ படிக்கறது எங்களுக்குப் பெருமை. மனசு தெம்பா இரு.”

அக்கா


சியாட்டில்
ஜூலை 9

அக்கா, உங்கள் இருவருக்கும் நலம் வேண்டுகிறேன்.

குழாயைப் பற்றி நீ எழுதவில்லை. யாராவது அளக்க வந்தார்களா? உபால்டினாவைப் பற்றியும் எழுதவில்லை.

நம் அறையிலிருந்து ஆறு இரண்டு மைல். சத்தம் எப்படிக் கேட்கிறது?

மிரேயா


சியாட்டில்
ஜூலை 17

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நலமாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன்.

இன்று மதியம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். முகாம்களின் பெயர்கள் எழுதிய பலகையில் ஒன்றைச் சிவப்புக் கோட்டால் அடித்தார் ஜூடித். கெட்டரிங். மூடப்பட்டது. “ஒரு மோசமான முகாம் கொறஞ்சுது” என்று என் தோளைத் தொட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைகள் தட்டுவதைப் பார்த்தேன்.

அங்கே இருந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். ஜூடித் கேக் துண்டைக் கீழே வைத்தார். அதை இவர்கள் பார்ப்பதில்லை என்றும், அதற்கு வேறு அலுவலகம் இருக்கிறது என்றும் சொன்னார். கெட்டவர் இல்லை. அவர் முகம் வெளிறிவிட்டது. அங்கே இருந்தது என் குடும்பம் என்று அவருக்கு அப்போதும் தெரியாது. நான் சொல்லவில்லை.

தோட்ட முதலாளி தங்க இடம் கொடுத்தால் அது சட்டப்படி இருக்க வேண்டும். இடமே கொடுக்காவிட்டால் குற்றம் ஒன்றும் இல்லை. இதை முதல் வாரம் கொடுத்த கையேட்டில் முதல் பக்கத்திலேயே படித்தேன். அடியில் கோடுகூடப் போட்டிருக்கிறேன். சரிசெய்ய முப்பது நாள் கொடுத்தார்களாம். கெட்டரிங்குக்கு முப்பது நாள் தேவைப்படவில்லை.

எங்கே இருக்கிறீர்கள்? நான் வரட்டுமா?

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கடிதத்தில் வேண்டாம்.

அப்பாவின் கைக்கு.
மிரேயா


வெனாச்சி
ஜூலை 26

ஒல்லிக்கு,

நீ நலமா? நாங்கள் நலம். எழுதாதவளைத் திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு.

முகாமை மூடியது உண்மைதான். அது என்றைக்காவது விழ இருந்ததுதான், கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆற்றுப் பக்கம் வேறு இடம் கிடைத்துவிட்டது. ஒன்பதாம் அறையைவிட விசாலம். ஜன்னல் நிறைய. உபால்டினா குடும்பம் வேறு பக்கம் இருக்கிறது, அதிகம் பார்ப்பதில்லை. ரொட்டிக்கல்லும் உன் புத்தகங்களும் பத்திரம்.

நீ வர வேண்டாம். பத்து வாரத்தை முடி. நடுவில் விட்டுவிட்டு ஓடி வந்தால், நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று அடுத்த வருடம் ஒருவரையும் எடுக்க மாட்டார்கள். நேரில் சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல். அவசரமில்லை.

அப்பா சொன்னது: “வீடு போனா வீடு வரும். நாலு பேரு முன்னாடி நீ எழுந்து நின்னு பேசறப்போ, அது என் பொண்ணுன்னு நான் இங்கேர்ந்தே சொல்லிக்குவேன்.”

உன் அக்கா


சியாட்டில்
ஆகஸ்ட் 8

அக்காவுக்கும் அப்பாவுக்கும் சுகம் வேண்டி,

நேற்று நிறைவு விழா. ஆறு பேரும் பேச வேண்டும். நான் என் அறிக்கையின் முதல் பக்கத்தைப் படித்தேன். இரண்டாவது பக்கம் வரவில்லை. தாளை மடித்துவிட்டேன். அப்போது அப்பா சொன்னதைச் சொன்னேன். வீடு போனால் வீடு வரும், அது என் பெண் என்று இங்கிருந்தே சொல்லிக்கொள்வேன். முன் வரிசையில் அழுதார்கள். கல்லூரித் தலைவர் எழுந்து நின்றார்.

அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடிதத்தில் வேறு ஆளாக இருக்கிறார். ஒருவேளை எப்போதும் இப்படித்தான் இருந்தாரோ, கேட்க நமக்குத்தான் நேரமில்லையோ என்று தோன்றுகிறது.

சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். நீயும் பக்கத்தில் இரு.

மிரேயா


வெனாச்சி
ஆகஸ்ட் 12

ஒல்லி,

ஞாயிற்றுக்கிழமை வராதே. உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இங்கே இல்லை. நாளையிலிருந்து நானும் இங்கே இருக்க மாட்டேன்.

நீ நேரில் சொல்ல வைத்திருப்பது எனக்குத் தெரியும். ஜூன் முப்பதாம் தேதியிலிருந்து தெரியும்.

அன்று மாலை கெட்டரிங் எல்லோரையும் குழாயடியில் நிற்க வைத்தார். அவர் கையில் உன் தாள்கள். ஃபோர்மேன் பெர்னாபே ஒவ்வொரு வரியாக நம் மொழியில் சொன்னான். குழாய், கம்பி, கழிப்பறை எல்லாம் வந்தது. யார் எழுதியது என்று யாருக்கும் புரியவில்லை. சிலர் சிரித்தார்கள், சரியாத்தான் எழுதியிருக்கான் என்று. பிறகு ஒன்பதாம் அறை வந்தது. கட்டிலை ஒட்டிய சுவரில் டின் மூடியால் போட்ட தகுதியற்ற ஒட்டு. அந்த மூடியைக் கட்டில் மறைத்திருக்கும். அங்கே படுத்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

“டோன் எலிசேயோ, உங்க பொண்ணு எங்க வேல பாக்குதுன்னு சொன்னீங்க?” என்று அப்பாவைக் கேட்டான் பெர்னாபே.

“பொண்ணுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நான்தான் சொன்னேன். ஆளுங்க வந்தாங்க, கேட்டாங்க, சொன்னேன்.”

“எப்ப வந்தாங்க?”

“வந்தாங்க.”

ஒருவரும் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உன் பெயரை யாரும் எடுக்கவில்லை. எங்களோடு பேசவும் இல்லை. அன்றைக்கே உபால்டினா சுவர் ஓட்டையில் துணியைத் திணித்துவிட்டாள். மூன்றாம் நாள் புல்டோசர் வந்தது. சாமானை எடுக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்.

ஆற்றங்கரையில் இரண்டு மரத்துக்கு நடுவே தார்ப்பாய் கட்டிக்கொண்டோம். பதினாறு குடும்பமும் அங்கேதான். ஜன்னல் நிறைய என்று எழுதினேனே, அதுதான். ஆற்றுத் தண்ணீர் உபால்டினாவின் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தது. பிழைத்துக்கொண்டது. அப்பாவோடு சேர்ந்து பறிக்க யாரும் வரவில்லை. கடைசியில் சிப்ரியானோ மாமா மேலே பேரிக்காய்த் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் யக்கிமாவில் பழம் தரம் பிரிக்கிற கொட்டகைக்குப் போகிறேன். பெண்களுக்குப் படுக்க இடம் தருகிறார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. ஜூலையிலிருந்து அப்பா சொன்னது என்று எழுதியதெல்லாம் நான் சொன்னது. ஒல்லிக்கு என்னப்பா எழுதட்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்விட்டார். உன் பெயரை அவர் வாயால் கேட்டு ஆறு வாரம் ஆகிறது. நீ மேடையில் சொன்னது என் வாக்கியம். அழுதார்களா?

முகாம் போனதற்காக இல்லை என்று நினைக்கிறேன். வீடு போய் அவருக்குப் பழக்கம். பெர்னாபே கம்பியைப் பற்றிப் படித்தபோது அப்பா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மூடியைப் பற்றிப் படித்தபோதுதான் தரையைப் பார்த்தார்.

ஒராலியா


கல்லூரி விடுதி
ஆகஸ்ட் 15

அக்கா,

நலமா என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

படிவத்தில் நான்கு சொற்கள் கொடுத்திருந்தார்கள். நல்லது. போதுமானது. குறைபாடுள்ளது. தகுதியற்றது. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு சொல்லைப் போட வேண்டும். போட்டேன். அது எனக்காக அடித்த மூடி என்று எழுத இடம் இல்லை.

இடம் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்றும் தெரியவில்லை. அன்றைக்கு நான் நன்றாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்? பெயர் மட்டும் போதும்.

மிரேயா


யக்கிமா
செப்டம்பர் 9

ஒல்லிக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? எனக்கு இங்கே இரண்டும் கிடைக்கிறது.

உன் கடிதத்தை மூன்று வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். தாமதத்துக்குச் செர்ரி காரணம் இல்லை, பேரி காரணம் இல்லை. எனக்கும் கோபம் உண்டு. அதை யாரும் கேட்கவில்லை, நீகூடக் கேட்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெர்னாபே உன் தாள்களைப் படித்தபோது, எங்கள் வீடு எங்கள் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னையா, என்னையா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிரிஞ்சர் தோட்டம். ஆற்றை ஒட்டிய சாலையில் மேலே போக வேண்டும். இந்த மாதக் கடைசி வரை பேரி இருக்கும். என்ன பேசுவது என்று என்னிடம் கேட்காதே. இனி அவருக்காக நான் எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


கல்லூரி விடுதி
செப்டம்பர் 20

அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். கோபமாகவும் இரு. நான் கேட்கிறேன்.

நேற்று போனேன். பேருந்து நிற்கிற இடத்திலிருந்து நான்கு மைல். சான்றிதழைக் கொண்டுபோகவில்லை. சிப்ரியானோ மாமா முதலில் பார்த்தார். “வந்துட்டியா” என்றார். கையை நீட்டி அப்பா இருந்த மர வரிசையைக் காட்டினார்.

அப்பா ஏணியில் இருந்தார். அப்பா என்று கூப்பிட்டேன். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். தரைக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

அவர் தொப்பியைக் கழற்றுவது சர்ச்சிலும் அதிகாரிகள் முன்னாலும்தான்.

“இங்க குழாய் மூணு இருக்குங்க” என்றார். “கழிப்பறை நாலு. ஒரு ரூமுக்கு நாலு பேருதான். சுவத்துல ஓட்டை கெடையாது. எங்களுக்கு இங்க எந்தக் கொறையும் இல்லைங்க, மிஸ்.”

கிண்டல் இல்லை அக்கா. கிண்டலாக இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், அவர் திட்டியிருப்பார், முடிந்திருக்கும். என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, வேலை போய்விடக் கூடாதே என்று பயப்படுகிற ஒருவர் சொல்வது போலச் சொன்னார்.

“அப்பா, நான் மிரேயா.”

“தெரியுமுங்க.”

தொப்பியைப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். சொல்ல வந்ததை ஏணியின் கீழே நின்று சொன்னேன். மூடியைப் பற்றி. அதை என் கட்டிலில் படுத்துக்கொண்டு விரலால் தட்டிப் பார்ப்பதைப் பற்றி. அவர் காய்களை ஒன்றோடு ஒன்று மோதாமல் பைக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லி முடித்தபோது அந்தக் கிளையும் முடிந்திருந்தது.

குடும்பமாகப் பறித்தால் ஏணியில் நிற்பவர் மேல் கிளைகளை மட்டும்தான் தொடுவார். தரையில் நின்று எட்டுகிற காய்கள் பிள்ளைகளுக்கு. நீயும் நானும் பறித்ததெல்லாம் அதுதான். ஒரு பையை வாங்கி மாட்டிக்கொண்டு அவர் மரத்தடியில் போய் நின்றேன். அவர் மேலே முடித்தார். இறங்கினார். ஏணியைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து, கீழ்க் கிளைகளையும் தானே பறிக்க ஆரம்பித்தார். ஒன்று விடாமல். நான் நின்ற பக்கம் வந்தபோது காத்து நின்றார். நான் விலகிக்கொண்டேன். அதையும் பறித்தார்.

அடுத்த மரத்துக்குப் போனேன். சிப்ரியானோ மாமாவிடம் ஏணி வாங்கிப் போட்டு நானே ஏறினேன். பன்னிரண்டு மணி வரை பறித்தேன். பறித்ததை அப்பாவின் பெட்டியில் கொட்டினேன். அவர் தடுக்கவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்கு மைல் நடந்து இரண்டு மணிப் பேருந்தில் ஏறினேன். நாளை காலை வகுப்பு.

மிரேயா